நிறுத்திவைக்கப்பட்ட ஓலை

ஜூன் 8, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கோயிலை ஒட்டிய பங்கு ஆபீஸ் ஜன்னலை யாரோ திறந்து போட்டுப் போய், ஞானஸ்நானச் சான்றிதழ்க் கட்டு ஓரம் நனைந்துவிட்டது. வாங்க வேண்டியது: ரீஃபில், கொசுவத்தி, சர்க்கரை.

நேற்றுப் பூசையில் ஃபாதர் மூன்று ஜோடிகளுக்கு முதல் ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. அதையே பங்கின் வெப்சைட்டிலும் ஏற்றுவது என் வேலை. ஏற்றியிருந்தேன். இன்று திறந்தால் ஆரோக்கியராஜ் - ஜெனிட்டா பெயருக்கு எதிரே சிவப்பில் 'நிறுத்திவைக்கப்பட்டது'. மாப்பிள்ளையின் அண்ணன் துபாயில் இருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார்.

மாப்பிள்ளையின் அம்மா நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். தூத்துக்குடிப் பக்கம். "பாஸ்வேர்டு உன்கிட்டதானே இருக்கு? நீ செய்யாம வேற யாரு செய்வா?"

ஆரோக்கியராஜ் நாலு வருஷத்துக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தவர். பஜ்ஜி சாப்பிட்டுப் போனவர் பதிலே சொல்லவில்லை. அது ஊருக்கே தெரியும். அதனால் காரணத்தை யாரும் தேட வேண்டியதில்லை.

ஃபாதர் வெப்சைட் செய்து கொடுத்த பெனடிக்டுக்குப் போன் செய்தார். அவன் ஸ்பீக்கரில்: "ஸ்டெல்லாக்கா லாகின்ல மட்டும்தான் நிறுத்த முடியும் ஃபாதர். வேற யாராலயும் முடியாது."

நல்ல பிள்ளை.

ஜூன் 10, புதன்

வெயில். கரண்ட் இல்லை.

ஞாயிறு பங்குப் பேரவை கூடி என்னை வேலையில் வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யுமாம். அதுவரை கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. ஒன்பது வருஷ வேலை.

தண்ணிக் குழாயில் கேட்டது: "வயசு முப்பத்தி ரெண்டு ஆகுதில்ல. வயித்தெரிச்சல் இருக்காதா?" நான் வருவதைப் பார்த்து கன்னடத்துக்கு மாறினார்கள். எல்லையோர ஊரில் இருக்கிற எனக்குக் கன்னடம் தெரியாது என்று யார் சொன்னது?

அழுதேன். குக்கர் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவில்லை.

ஜூன் 11, வியாழன்

பஸ் பிடித்து மூக்கண்டப்பள்ளி. பெனடிக்டின் பிரவுசிங் சென்டர். ஷிப்ட் முடிந்து வந்த பையன்கள் கூட்டம். காத்திருந்தேன்.

அவன் ஒரு குடும்பத்து லாகினில் காட்டினான். பங்கில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒன்று கொடுத்திருக்கிறோம். "பாருங்க்கா. இவங்களுக்கு நிறுத்துற பட்டனே வராது. உங்களுக்கு மட்டும்தான் வரும்."

"பட்டன் இல்லன்னா வேலை நடக்காதா?"

நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டான். சும்மா ஒரு ஜோடிப் பெயர் போட்டு, என் லாகினில் அந்தப் பட்டன் போகும் முகவரியை எடுத்து, குடும்பத்து லாகினில் ஒட்டி, என்டர் தட்டினான்.

சிவப்பு எழுத்து வந்துவிட்டது.

பெனடிக்ட் முகத்தில் ஈயாடவில்லை. அறிவிப்பு போடும் குட்டி புரோகிராம், ப்ளகின் என்றான், எங்கோ இலவசமாகக் கிடைத்ததாம், இறக்கி மாட்டியிருக்கிறான். "உள்ள வந்தவங்களான்னு மட்டும் பாக்குதுக்கா. இவங்க இதைச் செய்யலாமான்னு கேக்கவே இல்ல. முன்ன நான் வேலை பாத்த கம்பெனில கேட்ல ஐடி கார்டு பாப்பான், உள்ள போய்ட்டா ஸ்டோர் ரூம்ல யாரு வேணா எதை வேணா எடுக்கலாம், அந்த மாதிரி."

ஞாயிறு பேரவையில் வந்து இதையே செய்து காட்டுவதாகச் சொன்னான். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். கோபம் போகவில்லை.

ஜூன் 13, சனி

ஜெனிட்டா வந்தாள். மணப்பெண். முதல் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு. ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்றாள். அதைத்தான் போன மாதமே வாங்கிவிட்டாளே.

கதவைச் சாத்தினாள். "அக்கா, நான்தான் செஞ்சேன்."

போன மாதம் ஆபீசில் கரண்ட் இல்லாதபோது பெனடிக்ட் சென்டரில் உட்கார்ந்து வேறொரு ஜோடியின் ஓலையை நிறுத்தினேன், பையனின் சான்றிதழ் வராததால். அதே கம்ப்யூட்டரில் இவள் ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறாள். நம்ம சைட் பெயரை அடிக்க ஆரம்பித்ததுமே அந்த முழு முகவரியும் தானாகக் கீழே வந்து நின்றிருக்கிறது. "எங்க வீட்டு லாகின்ல இருந்துகிட்டு, கடைசில இருந்த ஓலை நம்பரை மட்டும் எங்களோட நம்பரா மாத்தினேன். நடக்கும்னு நினைக்கலக்கா."

ஏன் என்று கேட்டேன்.

"எனக்குப் புடிக்கல. சொன்னேன். விஷம் குடிச்சிருவேன்னு அம்மா சொல்லுது. தடை இருந்தா சொல்லுங்கன்னு ஃபாதர் கோயில்ல இருக்கற அத்தனை பேரையும் கேக்கறாரு. என்னைய யாருக்கா கேட்டாங்க?"

எனக்கு இரக்கம் வரவில்லை. முதலில் ஆத்திரம்தான் வந்தது. உன்னால் என் பேரு நாறுதுடி என்று கத்தினேன். தலையைக் குனிந்து நின்றாள். யாரிடமும் சொல்லாதீங்க, அம்மா நிஜமாகவே ஏதாவது செய்துகொள்ளும் என்றாள். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 14, ஞாயிறு

மூன்று ஜோடிக்கும் இரண்டாம் ஓலை வாசித்தாயிற்று. பிறகு பேரவை.

பெனடிக்ட் செய்து காட்டினான். தப்பு என்னுது, அக்கா மேல இல்லை என்று எழுந்து நின்று சொன்னான். எல்லாரும் உச் கொட்டினார்கள்.

"அப்ப யாருதான் பண்ணாங்க?" பேரவைச் செயலர்.

"சர்வர் வச்சிருக்கவங்ககிட்டப் பதிவு இருக்கும் சார். கேட்டா எந்த லாகின்னு தெரிஞ்சிடும்."

"வேணாம்," என்றேன். நானா பேசினேன்?

ஏன் என்றார் ஃபாதர். ஓட்டையை அடைத்தால் போதும், ஆளைத் தேட வேண்டாம் என்றேன். மாப்பிள்ளையின் அம்மா கையைத் தட்டினார். "பாத்தீயளா? அவளே வேண்டாம்னு சொல்லுதா."

பெனடிக்ட் என்னை வேறு மாதிரி பார்த்தான். அவனும்.

முடிவு: வேலை இருக்கும். வெப்சைட் இனி என் பொறுப்பில் இல்லை. பதிவு கேட்க மாட்டார்கள், பங்குக்குக் கேவலமாம்.

ஜூன் 16, செவ்வாய்

காற்று. செருப்பு வார் அறுந்தது.

கல்யாணத்துக்கு முன் ஃபாதர் செய்யும் விசாரணை வியாழக்கிழமை. மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறாயா என்று பெண்ணைத் தனியாகக் கேட்பதுதான் முறை. நம்ம பங்கில் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டு வீட்டாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, எல்லாரும் தலையாட்ட, கையெழுத்து வாங்கி அனுப்புவோம். படிவத்தை நீட்டுவதே நான்தான்.

ஃபாதரிடம் போனேன். "இந்தத் தடவை பொண்ணைத் தனியாக் கேளுங்க ஃபாதர். அம்மா உள்ள வேணாம்."

"சரி," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூன் 18, வியாழன்

மழை. ஜெனிட்டா உள்ளே. கதவு சாத்தியிருக்கிறது. அவள் அம்மா வெளி பெஞ்சில், என் பக்கத்தில். முந்தானையில் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்க்கிறார்.

"இவ்ளோ நேரமா என்னாத்தம்மா கேக்கறாரு?"

தெரியலைங்க என்றேன். காபி வேணுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

ஜூன் 21, ஞாயிறு

மூன்றாம் ஓலை. இரண்டு ஜோடிதான். ஃபாதர் தாளை மடித்து வைத்துவிட்டார்.

தலைகள் ஒவ்வொன்றாக என் பெஞ்சுப் பக்கம் திரும்பின. தண்ணிக் குழாய் ஆட்கள், பேரவை ஆட்கள், பெனடிக்ட். என்னைத்தான் நினைக்கிறார்கள். இனி கடைசிவரை நினைப்பார்கள். வலிக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஜெனிட்டாவைத் தேடினேன். கடைசி வரிசை. நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள். சுவரில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி, நல்ல தூக்கம்.