அந்த இரண்டு கதவு வண்டியை ஏன் நிறுத்தினார்கள் என்று

ஹாரன் அடிக்காமல் கீழே வந்து எனக்காகக் காத்து நிற்கும் மாமாவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற எதையும் நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள். உங்கள் கூபே வண்டியைத் தயாரிப்பதை கம்பெனி ஏன் நிறுத்தியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் நினைத்த எதுவும் காரணம் இல்லை.

தமிழ்ச் சங்கத்து மலரில் உங்களுக்கு அஞ்சலி எழுதித் தரும்படி அம்மாவிடம்தான் கேட்டார்கள். அம்மா இரண்டு வரி எழுதினாள், அழுதாள், "நீதான சும்மா இருக்க, நீ எழுது" என்று பேனாவை என்னிடம் தந்துவிட்டாள். ஆகவே நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் இதைப் படிப்பார்கள். அதை நினைத்தால் எழுத வரவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுவதாக நினைத்துக்கொள்கிறேன்.

உங்களைத் தெரியாதவர்களுக்காக ஒன்று மட்டும். நீங்கள் என் அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வங்காளிகள் நடுவே, லேக் கார்டன்ஸில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தீர்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு அசட்டுத்தனம் செய்தீர்கள். குடும்பத்தில் நாலு பேர் இருக்க, இரண்டே கதவு வைத்த, தரையோடு தரையாக ஓடும் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் வண்டியை வாங்கி வந்து நிறுத்தினீர்கள்.

அன்று அப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"மாப்ளே, மிச்ச ரெண்டு கதவு எப்ப வரும்?"

"அத்தான், இதுக்கு ரெண்டுதான்."

"அப்ப பாதி வண்டின்னு சொல்லு."

நீங்கள் வாங்கிய கொஞ்ச நாளிலேயே கம்பெனி அதை நிறுத்திவிட்டது. அதிலிருந்து உங்களுக்கு அந்த ஒரே கேள்விதான். கீழ்வீட்டு வங்காளிப் பெரியவர் காக்கு, நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்தான் காரணம் என்றார். மெக்கானிக், உதிரி பாகம் என்றான். பொறாமை என்றீர்கள் நீங்கள். இது இவ்வளவு நன்றாக ஓடினால் அவர்களுடைய மற்ற வண்டிகளை யார் வாங்குவார்கள், அதனால் அவர்களே கழுத்தை நெரித்துவிட்டார்கள் என்றீர்கள். கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, வாடிக்கையாளர்களின் விருப்பம் மாறிவிட்டது என்று ஒரு வரி வந்தது. "நானும் வாடிக்கையாளன்தானே. என் விருப்பம் மாறலையே" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தீர்கள்.

என் இடம் பின் சீட்டு. முன்னால் அம்மா. இடது சீட்டை மடக்கும் பிடி உடைந்தபோது, நிறுத்திய வண்டிக்கு அந்தச் சாமான் வராது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு நீங்கள் இறங்கி உங்கள் சீட்டை மடக்கினால்தான் நான் வெளியே வர முடியும். பின்பக்கக் கண்ணாடி இறங்காது. கரியாஹாட் சந்தையில் நீங்களும் அம்மாவும் காய் வாங்கப் போனால் நான் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். கடைக்காரர்கள், ரிக்‌ஷா, கூட்டம் எல்லாம் பக்கத்திலேயே போகும், யாரும் என்னோடு பேச மாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மாமா. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் சரியாக இருக்காது.

பள்ளிக்கூடத்திலிருந்தும் நான் அப்படித்தான் உள்ளே வந்துவிட்டேன். பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிறகு வயிற்றுவலி என்று வீட்டில் இருந்தேன். ஒரு வாரம் போகட்டும் என்றார்கள். அதற்குள் அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கேஸ் வந்தால் கதவு திறக்க, வேலைக்கு வரும் மாஷிக்குப் பாத்திரம் எடுத்துப் போட, மருந்து கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் இருந்தேன். "வீட்டுல ஒருத்தர் இருக்கணுமே" என்று அம்மா சொல்வாள். அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கேட்டதே இல்லை.

கரியாஹாட்டில் ஒரு மழை நாளில் உங்களிடம் சொன்னேன். அம்மா அன்று வரவில்லை. சிக்னலில் வண்டி நின்றிருந்தது. பவானிபூரில் ஒரு இடம் இருக்கிறது, பாதியில் நின்றவர்கள் அங்கே படித்துப் பரீட்சை எழுதலாம், சனி ஞாயிறுதான் வகுப்பு, எனக்குப் போக வேண்டும் என்று உங்கள் பின்னந்தலையைப் பார்த்துச் சொன்னேன். முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் திரும்பவில்லை. "நவராத்திரி பூஜை வரட்டும் பாப்பா. அத்தான் நல்ல மூடுல இருப்பார். நான் பேசிக்கறேன்" என்றீர்கள்.

பூஜைக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு காலை, ஆபீஸுக்கு ஷூ போட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, மாமா. இறங்கினீர்கள், சரி. சீட்டை மடக்கிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

பேட்டரி செத்துவிடக் கூடாது என்று வண்டியை அவ்வப்போது கிளப்பி வைக்கும் வேலையும் எனக்கே வந்தது. நீங்கள் கராஜுக்குள் எனக்கு ஓட்டக் கொடுத்த அந்த ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னேதான் எனக்குத் தெரிந்த ஊர்வலம். உங்கள் போனும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் அதில் கம்பெனி ஆள் கூப்பிட்டார். வண்டி சர்வீஸ் திருப்தியா என்று கேட்கிற போன். நீங்கள் இல்லை என்று சொன்னேன். அவர் வருத்தம் சொல்லிவிட்டு வைக்கப் போனார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "ஒரு நிமிஷம்" என்றேன். முன்பின் தெரியாத ஒருவரோடு போனில் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "அந்த வண்டியை ஏன் நிறுத்தினீங்க?" என்று இந்தியில் கேட்டேன்.

அவர் சிரித்தார். கேலி இல்லை. அந்த வண்டி விற்ற காலத்தில் அவர் ஷோரூமில் விற்பனையில் இருந்தாராம். "அக்கா, எல்லாரும் வந்து முதல்ல அதைத்தான் தொடுவாங்க" என்றார். ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்காரம்மா புடவையோடு பின் சீட்டில் ஏறிப் பார்ப்பாராம். இறங்கி வந்ததும் குடும்பமே பக்கத்தில் நிற்கும் நாலு கதவு வண்டிக்குப் போய்விடுமாம். நம் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி, அதில் எல்லோரும் ஏற வேண்டும். இரண்டாவது வண்டி வாங்க வசதி உள்ளவர்களோ உயரமான வண்டியாகக் கேட்டார்கள்.

ஆனாலும் அதற்காக மட்டும் நிறுத்தவில்லையாம். உங்கள் கூபேக்கு என்று தனியாக ஒரு அடிப்பாகம் கிடையாது, மாமா. பக்கத்தில் நின்ற அந்த நாலு கதவு வண்டியின் அடிப்பாகம், அதன் இன்ஜின். மேல்கூடு மட்டும்தான் வேறு. அந்த நாலு கதவு வண்டிக்கு வயதாகி, அதை எடுத்துவிட்டு கம்பெனி புதிதாக ஒன்று கொண்டுவந்தது. புகை விதிகளும் மாறின. இதையும் தொடர வேண்டும் என்றால் இதற்கென்று தகடு அழுத்தும் புது அச்சுகள் வேண்டும், இன்ஜினைத் திருத்தி மறுபடி சோதிக்க வேண்டும். விற்கிற கொஞ்ச வண்டிக்கு அதை யார் செய்வார்கள்? "யாரும் வேண்டாம்னு சொல்லல. அதுக்குன்னு தனியா செய்யலாம்னும் யாரும் சொல்லல" என்றார். போனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. வண்டியைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு வேறு யாரைப் பற்றியோ கேட்ட மாதிரி இருந்தது.

வண்டி போகிறது, மாமா. சால்ட் லேக்கில் ஒருவர் இதே வண்டி வைத்திருக்கிறார். அவருக்கு நம் வண்டியின் கதவுகள் வேண்டுமாம், மற்ற பாகங்களும் உதவுமாம். அப்பா சரி என்றுவிட்டார். பூஜை முடிந்து பந்தலைப் பிரித்ததும் எடுத்துப் போவார். வழக்கம்போல இந்த வருஷமும் தெருக்காரர்களின் பூஜைப் பந்தல் நம் கராஜ் வாசலை அடைத்துத்தான் நிற்கிறது. ஷட்டரைத் தூக்கினால் மூங்கிலும் நீலத் துணியும்தான் தெரிகிறது.

நவமி காலையில் ஆயுத பூஜைக்குக் கீழே இறங்கினோம். "போகப்போற வண்டிக்கு எதுக்கு" என்றார் அப்பா. "போற வண்டிக்குத்தான் ஒழுங்கா செய்யணும். தம்பி இருந்தா விடுவானா?" என்றாள் அம்மா. சந்தனம் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பழம் நசுங்கும்போது வீட்டு ஆட்கள் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. இடது சீட்டில் தேங்காய்த் தட்டு. ஓட்டத் தெரிந்தது எனக்கு மட்டும். வேறு வழியில்லாமல் இருவரும் பின்னால் ஏறினார்கள். இத்தனை வருஷத்தில் அப்பா பின் சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். முழங்கால் தாடையைத் தொட்டது.

"இதுலயா இவ இத்தனை வருஷம் வந்தா?"

"நீங்க மெட்ரோல போயிட்டு வந்தீங்க. உங்களுக்கு என்ன தெரியும்" என்றாள் அம்மா.

"ஏன் நிறுத்தினான்னு இப்பத் தெரியுது."

நான் சீட்டை நிமிர்த்தி உட்கார்ந்து கிளப்பினேன். ஒரு அடி முன்னே. பழம் நசுங்கியது. ஒரு அடி பின்னே. இன்ஜினை அணைத்தேன். இறங்கிச் சீட்டை மடக்க வேண்டியதுதான் பாக்கி. கதவில் கை வைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டேன்.

"கோமதி, இறங்கு. எனக்குக் கால் மரத்துப்போச்சு."

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"வெளிய வந்து சொல்லு."

"வெளிய வந்தா சொல்ல மாட்டேன்."

அந்த நேரம் பார்த்துப் பந்தலில் டாக் மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். மெதுவாகச் சொல்ல முடியாமல் போய்விட்டது. முன்னால் நீலத் துணியைப் பார்த்துக்கொண்டு உரக்கச் சொன்னேன்.

"என்ன சொல்றா?" என்று அம்மா கேட்டாள்.

"என்னமோ பவானிபூர்ங்கறா."

"பவானிபூர்ல யாரு?" அம்மாவின் குரல் மாறியது. "யாருடி அது?"

"ஸ்கூல்மா. படிக்கற இடம்."

டாக் கொஞ்சம் தணிந்தது. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கண்ணாடியில் அப்பாவின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"நாங்களா உன்னை நிக்கச் சொன்னோம்? நீயாத்தான நின்ன?"

"ஆமாப்பா. நானாத்தான் நின்னேன். திரும்பப் போறியான்னு யாரும் கேக்கல. மாமா கேக்கறேன்னார்."

பிறகு அம்மா, பழக்கத்தில்தான் சொல்லியிருப்பாள், "வீட்டுல ஒருத்தர் இருக்கணுமே" என்றாள்.

அப்பா சொன்னார். "சனி ஞாயிறு நான் வீட்டுலதான இருக்கேன்."

"நீங்களா? கேஸ்காரன் வந்தா எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறப்பீங்களா?"

"திறக்கறேன். முதல்ல இவ திறக்கட்டும்."

இறங்கிச் சீட்டை மடக்கினேன். அப்பாவால் எழ முடியவில்லை. நான் கையைப் பிடித்து இழுக்க, அம்மா பின்னாலிருந்து தள்ள, ஒரு வழியாக வெளியே வந்தார். சட்டை முழுக்கச் சந்தனம். என்னைப் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டார்.

வண்டியை விற்க வேண்டாம் என்றும் அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு விஷயத்துக்குத்தான் என்னிடம் சத்தம் இருந்தது. நீங்களாக இருந்தாலும் வண்டியை விட்டு என் படிப்பையே கேட்டிருப்பீர்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் உங்களுக்கு அந்த வண்டி மேல் இருந்த பைத்தியம் எனக்குத் தெரியும்.

இன்னும் எதுவும் நடந்துவிடவில்லை. பூஜை விடுமுறை முடிந்துதான் சேர்க்கை. அப்பா அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்மாவுக்கு நேற்றிலிருந்து முதுகுவலி அதிகம். நிஜமாகவே அதிகமா? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. பகல் முழுக்க அதே வேலைகள், அதே கதவு. பவானிபூரிலும் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் என்ன செய்வேன்? அங்கே எனக்கு முன்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள், பின்னந்தலையைக் காட்டிக்கொண்டு?

முதல் நாள் கூட வருகிறேன் என்று அப்பா சொல்வார். பள்ளி ஆபீஸ் மேஜையில் அவரே பேசி முடித்துவிடுவார், எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக மெட்ரோ ஏறுவேன். அங்கே என் பெயரை நானே சொல்வேன். முதல் தடவை சத்தம் வராமல் போகலாம். அப்படி ஆனால் திரும்பி வந்துவிட மாட்டேன், அங்கேயே நின்று இன்னொரு தடவை சொல்வேன். இந்த வார்த்தையை உங்களுக்குத் தருகிறேன் மாமா, எல்லோரும் படிக்கட்டும்.

உங்கள் அக்கா மகள்,
கோமதி