அரை நிமிடத்து அண்ணைக்கு

அன்புள்ள லிஃப்ட் அண்ணைக்கு,

நீங்கள் ஓட்டிய லிஃப்ட்டை நிறுத்திவிட்டார்கள். கம்பிக் கதவுக்குச் சங்கிலி போட்டு, வேலை செய்யாது என்று ஒரு மட்டை தொங்குகிறது. புதிது வரப்போகிறதாம், பொத்தானை அழுத்தினால் தானே போய்த் தானே நிற்குமாம். "அப்ப எனக்குப் பென்சன்தான் தம்பி" என்று சிரித்திருப்பீர்கள். இன்று காலையும் அந்தச் சங்கிலிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கூட்டம் என்னை இடித்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனது.

சிட்னிக்கு வந்த முதல் நான்கு மாதமும் எனக்குத் தமிழ் கதைக்க ஆளில்லை. பகலில் ஒரு கட்டட அலுவலகத்தில் படம் கீறுகிற வேலை, பிறகு ஆஷ்ஃபீல்டில் ஒற்றை அறை. கேத்திலில் தண்ணீர் கொதித்தால் "பொறு, வாறன்" என்று அதோடு கதைப்பேன். தினமும் நிலத்துக்கு அடியில் ரயிலை விட்டு இறங்கி உங்கள் லிஃப்ட்டில்தான் மேலே வந்தேன். தொப்பியும் சீருடையுமாகப் பித்தளைக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். நான் உங்களை ஃபிஜிக்காரர் என்று நினைத்தேன். நீங்கள் என்னைப் பம்பாய்க்காரன் என்று நினைத்தீர்களாம். நல்ல ஆட்கள்தான் இரண்டு பேரும்!

பிறகு ஒருநாள் கம்பிக் கதவு உங்கள் விரலைக் கடித்தது. "ஐயோ அம்மா!" என்றீர்கள். பின்னால் பத்துப் பன்னிரண்டு கோட்டுகளுக்குள் நசுங்கி நின்ற நான், "காயமோ அண்ணை?" என்று கத்திவிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. விரலில் இரத்தம், வாயெல்லாம் சிரிப்பு.

மேலே போக அரை நிமிடம், கீழே வர அரை நிமிடம். காலையில் நீங்கள் தொடங்கும் கதையை மாலையில்தான் முடிப்பீர்கள். கதை முடியாவிட்டால் லிஃப்ட்டை ஒரு விரற்கடை ஏற்றி நிறுத்துவீர்கள். பிறகு தளத்தோடு சமமாக்குவதாகச் சாட்டுச் சொல்லிக் கைபிடியை இப்படித் தட்டி, அப்படித் தட்டி, கடைசி வரியையும் சொல்லி முடித்துத்தான் கதவைத் திறப்பீர்கள். வெள்ளைக்காரர்கள் கனைப்பார்கள். எனக்கோ அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நாள் முழுக்க இருக்கிற மாதிரி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நான்தான் தொடங்கினேன். "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை என்ரை அறைக்கு வாங்கோ. புட்டு அவிக்கிறன்."

"ஓம் தம்பி, வாறன். கிரேக்கன்ரை கடையிலை கருவாடு மாதிரி ஒண்டு இருக்கு, கொண்டு வாறன்."

அதோடு விட்டிருக்கலாம். பருத்தித்துறைப் பக்கம் என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள். அது எனக்குப் போதவில்லை.

"பருத்தித்துறையிலை எவடம் அண்ணை?"

"சந்தைக்கு அங்காலை."

"அங்காலையெண்டா எந்தப் பக்கம்? ஆற்றை ஆக்கள் நீங்கள்?"

யாருடைய ஆட்கள் என்ற இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஓர் அர்த்தம்தான் உண்டு. என்ன சாதி என்று நேரே கேட்க வெட்கப்படுகிறவர்கள் இப்படிக் கேட்பார்கள். உங்கள் பெயரைக்கூட நான் அதுவரை கேட்டதில்லை அண்ணை. அதற்கு முன்னால் இதைக் கேட்டேன்.

அன்று லிஃப்ட் ஒரு மயிரிழை பிசகாமல் தளத்தோடு சமமாக நின்றது. கதவைத் திறந்து, என்னைப் பார்க்காமல், "ஸ்ட்ரீட் லெவல், சேர்" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை துணியில் கட்டிப் புட்டு அவித்தேன். இரண்டு தட்டு வைத்துவிட்டு மூன்று மணி வரை ஜன்னலடியில் நின்றேன். நீங்கள் வரவில்லை, எப்படி வருவீர்கள்? சும்மா கேட்டேன் என்று எனக்கு நானே பலதடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். சும்மா கேட்கவில்லை. என் தட்டில் யார் சாப்பிடப் போகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நீங்கள் பதில் சொல்லியிருந்தால் அந்த இரண்டாவது தட்டை வைத்திருப்பேனா? எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

பிறகு எல்லாம் "சேர்"தான். மன்னிப்புக் கேட்க அரை நிமிடம் தாராளம். சுற்றி நின்ற ஒருவருக்கும் தமிழ் விளங்காது. அப்படியிருந்தும் வாய் வரவில்லை. வெட்கத்தில் படியால் ஏறத் தொடங்கினேன். இருண்ட படிக்கட்டு, அறுபது எழுபது படி இருக்கும். மூச்சு வாங்க மேலே வந்து, லிஃப்ட் பக்கம் பார்க்காமல் போவேன்.

சங்கிலியை முதன்முதலில் பார்த்த அன்றுதான் வாசலில் பயணிகளிடம் டிக்கெட் வாங்கும் கிழவரிடம் விசாரித்தேன். "உன் அண்ணனுக்காக வருந்துகிறோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையைப் பிடித்தார். எந்த அண்ணன் என்று கேட்டேன். "லிஃப்ட்டில் நின்றவர்தான். போன மாதம் ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுவிட்டது. உன்னைத் தம்பி என்று சொல்வாரே. உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தோம்."

எப்போது அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். முதலில் பழகிய நாட்களில்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

"எப்போதும்தான். நீ படியில் ஏறுவதைப் பார்த்தால் சிரிப்பார். என் தம்பிக்கு உடம்பு இளைக்க வேண்டியிருக்கிறது, அதுதான் நடக்கிறான் என்பார்."

நான் அந்த வாசலிலேயே அழுதேன் அண்ணை. உங்கள் பெயரையும் அவர் வாயால்தான் முதன்முதலில் கேட்டேன், அதுவும் அரைகுறையாக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது இங்கே நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் வந்துவிட்டன. போன சனிக்கிழமை ஒரு வீட்டில் கூடினோம். கொழும்பிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத கணவன் மனைவியிடம், வீட்டுக்காரர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஊரிலை எவடம்?" என்று தொடங்கினார். புதிதாக வந்த அந்த மனிதரின் முகம் உங்கள் முகமாக மாறியது. "இடியப்பம் ஆறுது, முதல்லை சாப்பிடுங்கோ" என்று நான் நடுவில் புகுந்தேன். அவ்வளவுதான் என் வீரம். அந்தக் கேள்வி தவறு என்று நேரே சொல்லத் துணிவு வரவில்லை. அடுத்த முறை சொல்வேன்.

அவர்கள் இரண்டு பேரையும் இந்த ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பெயரைக் கேட்டேன். புட்டுப் பிடிக்குமோ என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இனி யாரிடமும் கேட்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. கருவாடு அந்தக் கிரேக்கன் கடையில்தான் வாங்குவேன்.

இப்படிக் கையெழுத்துப் போட எனக்கு உரிமையில்லை. ஆனால் நீங்கள் நிலையம் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டீர்கள்.

உங்கள் தம்பி