மெஷின் கேட்டால் ஆமாங்க

1988 அக். 12, புதன்
காலையிலிருந்து தூறல். டவுன் பஸ்ஸில் நின்றே பயணம். குடை மறதி, மறுபடியும்.

ஆபீசில் ரகளை. போர்வெல் போடும் ரிக் கம்பெனிக்கு நாங்கள் எழுதிக்கொண்டிருந்த கணக்கு புரோகிராம் மொத்தமும் காலி. அழித்தது ஜெசிந்தா. சூரமங்கலம் ரயில்வே கார்டின் மகள், புது ட்ரெயினி. புது வேலை தொடங்குவதற்கென்று மேனேஜர் சார் எழுதி வைத்த கட்டளை 'ஸ்டார்ட்'. பெயர் கொடுத்தால் இடம் ஒதுக்கி, வெற்று ஃபைல்களை வைத்துத் தரும். தினமும் காலையில் அதை அடிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள், பாவம். இந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது, பழையதை அழித்து மேலே எழுதட்டுமா, ஆமாம் என்றால் ஒய், வேண்டாம் என்றால் என், என்று கேட்டிருக்கிறது. ஒய் அடித்தாள்.

"மெஷினே கேக்குது, வேணாம்னு எப்படிக்கா சொல்றது?"

சார் என் பக்கம் திரும்பினார். "கேட்டுட்டுத்தானே அழிச்சுது? அவ தப்புதானேம்மா?"

"ஆமாங்க சார்." வாய் தானாக.

சனிக்கிழமையோடு அவளை நிறுத்தப் போகிறார்.

அக். 13, வியாழன்
மழை இல்லை. வாங்க: சோப்பு, ரீஃபில், இன்லண்ட் லெட்டர்.

பழைய பிரிண்ட்அவுட் கிடைத்தது. நான் வாசிக்க, ஜெசிந்தா வரிவரியாகத் திரும்ப அடிக்கிறாள். மதியம் ஊறுகாயை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

மெஸ்ஸில் பாப்பாத்தி அக்கா: "இன்னொரு தோசை வெக்கட்டுங்களா சாமி?" வயிறு நிறைந்திருந்தது. "ஆமாங்க." திரும்பக் கேட்டார். திரும்பவும் ஆமாங்க. எருமப்பட்டியில் எங்கள் வீட்டில் கேட்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. எத்தனை வேணும் என்று கேட்டிருந்தால் ரெண்டு என்றிருப்பேன்.

கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்.

அக். 14, வெள்ளி
சார் கோயம்புத்தூர் போய்விட்டார். ஸ்டார்ட்டைக் காப்பி எடுத்து மாற்றினேன்.
– பெயர் ஏற்கெனவே இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும். எதையும் தொடாது.
– ஒய், வெறும் என்டர், எதற்கும் அழிக்காது. அழித்தே ஆக வேண்டுமென்றால் அந்த வேலையின் பெயரை முழுசாக அடிக்க வேண்டும்.
– ஸ்டார்ட் முதலில் கேட்கும் 'நீ யார்' என்ற கேள்வி நீக்கம். மெஷினுக்குள் நுழைய லாகின் அடிக்கும்போதே சொல்லியாயிற்று. டிக்கெட் எடுத்தவரிடம் மறுபடியும் எங்கே ஏறினீர்கள் என்றா கேட்கிறார் கண்டக்டர்?

சார் எழுதியதில் கை வைத்திருக்கிறேன்.

அக். 15, சனி
வெயில்.

சார் அறைக்குப் போனேன். புது ஸ்டார்ட்டை ஓட்டி, இருக்கிற வேலை ஒன்றின் பெயரைச் சொன்னேன். அடித்தார். திரையைப் படிக்காமலே ஒய் தட்டினார். 'எதுவும் அழிக்கப்படவில்லை' என்று வந்தது.

"அட."

"பழசா இருந்தா போயிருக்குமுங்க சார்."

சிரித்தார். "சரி, இதையே வெச்சுக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு இன்னியோட போதும். என்னம்மா?"

"இல்லைங்க சார்."

"என்ன?"

"இல்லைங்க. நீங்களும் ஒய்தானுங்க அடிச்சீங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, அவ இருக்கட்டும். திங்கக்கிழமை ரிக்காரர் வராரு. அதுக்குள்ள அவளை அடிச்சு முடிக்கச் சொல்லு."

வெளியே வந்தேன். ஜெசிந்தா பிரிண்டருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, உள்ள இல்லைன்னு சொன்னது யாரு? நீங்களா?"