நூற்றுக்கு அறுபத்திரண்டு

மதராஸ்
4-8-1953

அன்புள்ள அத்தானுக்கு,

ஞானபாய் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் பிள்ளையும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் ஜெபகுமாரி என் மடியை விட்டு இறங்கவேயில்லை.

இங்கே ஆஸ்பத்திரியில் காதில் ஒரு கவ்வியை மாட்டுகிறார்கள். குத்துவதில்லை, வலிப்பதில்லை. ரத்தத்தில் பிராணவாயு நூற்றுக்கு எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்று பக்கத்தில் ஒரு முள் காட்டுகிறது. பிள்ளை பயந்து அழுததால் முதலில் என் காதில் மாட்டிக் காட்டினார்கள். எனக்குத் தொண்ணூற்றேழு. அவளுக்கு அறுபத்திரண்டு. அவள் உதடும் நகமும் நீலம் பாய்ந்திருப்பது இதனால்தானாம். நாம் குளிர் என்று நினைத்துக் கம்பளியில் சுற்றிக்கொண்டிருந்தோம்.

விரலில் குத்தியும் பார்த்தார்கள். ரத்தத்தில் சிவப்புச் சத்து இருபது இருக்கிறதாம். இந்த வயதுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று போதுமாம்.

நெஞ்சைத் திறந்து ஒரு ரத்தக்குழாயை இன்னொன்றோடு சேர்த்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை அதிக காலம் தாங்காது என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

எனக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சாளை மீன் கண்ணில் பட்டு எத்தனை நாளாயிற்று.

உங்கள் ஞானபாய்

தக்கலை
9-8-1953

ஞானத்துக்கு,

உன் கடிதத்தை எங்கள் பஸ் டிரைவர் கிருஷ்ணமணியிடமும் வாசித்துக் காட்டினேன். எங்கள் இருவருக்கும் ஒரே சந்தேகம்தான். பிள்ளைக்கு ரத்தச் சத்து இருபது என்கிறாய். அதாவது நம் எல்லாரையும்விட அதிகம். அப்புறம் ஏன் அறுக்க வேண்டும்? ஒரு கணக்கு அதிகம் என்கிறது, ஒரு கணக்கு குறைவு என்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?

பிராணவாயு குறைவென்றால் சிலிண்டரில் இருப்பதை மூக்கில் வைத்துக் கொடுக்கட்டும். என் கையால் கையெழுத்துப் போட்டு என் பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்க மாட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது ஞானம், அதுதான் உண்மை.

ரசலையன்

மதராஸ்
15-8-1953

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன், பிறகு கோபம் வந்தது. பயம் உங்களுக்கு மட்டும்தானா? இரவும் பகலும் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பவள் நான்.

டாக்டரம்மாவிடம் உங்கள் கேள்வியைக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார், முதலில் எனக்கும் விளங்கவில்லை. பிறகு உங்கள் பஸ்ஸை நினைத்துக்கொண்டேன். கண்டக்டருக்கு வாழ்க்கைப்பட்டதில் அந்த லாபமாவது இருக்கட்டும்.

சிவப்புச் சத்து என்பது வண்டி. நுரையீரல்தான் தக்கலைச் சந்திப்பு. பிராணவாயுதான் அங்கே ஏற நிற்கிற ஜனம். நம் பிள்ளைக்கு வண்டிகள் அதிகம். ஆனால் பல வண்டிகள் சந்திப்புக்கு வராமல், இருதயத்தில் இருக்கிற ஓட்டை என்ற குறுக்கு ரோட்டில் காலியாகப் போகின்றன. அதனால்தான் மொத்தத்தில் நூறு சீட்டில் அறுபத்திரண்டில்தான் ஆள். ஆள் போதவில்லை என்று உடம்பு மேலும் மேலும் வண்டி விடுகிறது. அதுதான் அந்த இருபது. அது நல்லதல்ல அத்தான், ரோடு அடைத்துக்கொள்ளும். இரண்டு கணக்கும் மெய்தான், ஒன்று வண்டியை எண்ணுகிறது, மற்றது சீட்டை.

சிலிண்டர் வைத்தால் சந்திப்பில் கூட்டம் கூடி நெருக்கும், அவ்வளவுதான். அங்கே நிற்கிற வண்டிகள் ஏற்கெனவே நிறைந்தவை. அங்கே வராத வண்டிக்குக் கூட்டத்தால் என்ன பயன்? குறுக்கு ரோட்டில் போன வண்டிகளைச் சந்திப்புக்குத் திருப்பிவிடுவதுதான் ஆப்பரேஷன்.

ஆப்பரேஷனுக்கு ரத்தம் வேண்டும். நான் கொடுக்கப் போகிறேன். எனக்குத்தான் தொண்ணூற்றேழு இருக்கிறதே. கையெழுத்தை உடனே அனுப்புங்கள்.

உங்கள் ஞானபாய்

தக்கலை
19-8-1953

ஞானத்துக்கு,

கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கோணலாக விழுந்திருக்கிறது, டாக்டரம்மா ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உன் கடிதம் இரண்டு நாளாக என் சட்டைப்பையில் இருக்கிறது. இன்று பஸ் வில்லுக்குறி தாண்டும்போது எனக்குத் திடுக்கென்றது. உன் வண்டி நிறைந்து ஓடுகிறது, சரி. தொண்ணூற்றேழு என்றால் அவ்வளவுதானே? உனக்கு எத்தனை வண்டி ஓடுகிறது என்று யாராவது எண்ணினார்களா? மூன்று வண்டி ஓட வேண்டிய ரோட்டில் ஒரே வண்டி ஓடினால் அதில் சீட்டெல்லாம் நிறைந்துதான் இருக்கும். ஊரில் பாதிப் பேர் வந்து சேர மாட்டார்கள்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் தண்ணீர்க் குடத்தோடு பாதி வழியில் நின்றுவிடுவாய். உன் உதடு நீலமில்லை, ஆனால் எப்போதும் வெளிறித்தான் இருக்கும். விரலில் குத்தி எண்ணிப் பார்க்காமல் ஒரு சொட்டு ரத்தமும் கொடுக்காதே. என் மேல் ஆணை. லீவு சொல்லிவிட்டேன். என் ரத்தத்தைக் கொண்டு நானே வருகிறேன்.

ரசலையன்

மதராஸ்
23-8-1953

அத்தான்,

எண்ணினார்கள். ஆறுதான் இருக்கிறது. கொக்கிப்புழு குடலில் இருந்துகொண்டு ரத்தத்தைக் குடித்துத் தீர்த்திருக்கிறதாம். இந்த நிலையில் ரத்தம் எடுத்திருந்தால் என்னையும் ஒரு கட்டிலில் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. "இத யாரு உங்களுக்குச் சொன்னது? உங்க வீட்டுக்காரர் டாக்டரா?" என்று கேட்டார். "இல்லங்க, கண்டக்டரு" என்றேன். எனக்கு இருந்த பெருமையில் அந்த ஆறும் அறுபதானது. சீக்கிரம் வாருங்கள்.

ஞானபாய்

மதராஸ்
30-9-1953

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் ரத்தம் கொடுத்து, ஆப்பரேஷன் முடிந்து பிள்ளை கண் திறந்ததைப் பார்த்துவிட்டு, லீவு தீர்ந்ததென்று அழுதுகொண்டே ரயில் ஏறினீர்கள். இனி அழ வேண்டாம்.

தையல் பிரித்தாயிற்று. நேற்றுக் காதில் கவ்வியை மாட்டினார்கள். அறுபத்திரண்டு காட்டிய முள் எண்பத்தைந்தில் போய் நின்றது. கருவி கெட்டுவிட்டதோ என்று பயந்து இன்னொரு தரம் மாட்டச் சொன்னேன். மறுபடியும் எண்பத்தைந்து. நர்சம்மா என்னைக் கட்டிக்கொண்டார். பிள்ளையின் உதட்டை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது, தாம்பூலம் போட்டவள் மாதிரி இருக்கிறாள். நான் புழு மருந்து குடித்து, இரும்புச் சத்து மருந்தும் குடித்து ஒன்பதுக்கு ஏறிவிட்டேன்.

இன்று காலை அவள் வராந்தா முழுவதும் ஓடினாள். ஆமாம் அத்தான், ஓடினாள். பால் டம்ளரோடு பின்னால் போன என்னால் பிடிக்க முடியவில்லை. வாழ்நாளில் இப்படி ஒரு தோல்விக்கு நான் ஆண்டவரைத் துதித்ததில்லை. நோயாளிகள் எல்லாரும் எழுந்து பார்த்தார்கள்.

வரும் வாரம் ஊருக்குப் புறப்படலாம் என்கிறார்கள். பிறந்தது முதல் ஏழு வருஷமாக உங்கள் தோளில்தான் அவள் ஊரைப் பார்த்திருக்கிறாள். இந்தக் கடிதம் எழுதும்போது பக்கத்தில் நின்று என்னை இடித்துக்கொண்டே இருக்கிறாள். "அப்பாவ வந்து தூக்கண்டாம்னு எழுதும்மா. பஸ்ஸ விட்டு எறங்கி நான் வீடு வரைக்கும் நடந்து வருவேன்."

எழுதிவிட்டேன்.

உங்கள் ஞானபாய்