முப்பத்தொன்றில் பதினெட்டாவது ஸ்வரம்

மார்ச் 9, ஞாயிறு, காலை 6.40. மொத்தம் முப்பத்தொரு ஸ்வரங்கள்.

அன்புள்ள வயலின்காரிக்கு,

முடித்துவிட்டேன். ச முதல் மேல் ச வரை எல்லாரும் பன்னிரண்டாக வெட்டுகிறார்கள். நான் முப்பத்தொரு சமத் துண்டுகளாக வெட்டியிருக்கிறேன். இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்துக் கொடுத்தால் என் நிரல் திரையில் வளைகோடுகளாக வரையும். சுதி சேர்ந்தால் படம் அசையாது, சேராவிட்டால் நெளியும். பதினெட்டாவது துண்டுதான் ப. சிலை மாதிரி நிற்கிறது!

வெள்ளிக்கிழமை கட்டுரை இதழுக்குப் போக வேண்டும். ‘காதால் சரிபார்த்தவர்’ என்று உன் பெயரைப் போட்டாயிற்று. ஒலிப்பதிவு இத்துடன். சரி என்று ஒரு வரி எழுது. அண்ணன் வீட்டில் இருந்தது போதும், கிளம்பி வா.

உன் கணினிக்காரன்

மார்ச் 12

அன்புள்ள கணினிக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும்.

ஒலிப்பதிவை ஓடவிட்டேன். ச-வும் ப-வும் சேர்ந்ததும் அண்ணன் குளியலறையிலிருந்து கத்தினார்: “என்னம்மா, வயலினுக்குள்ள வண்டு பூந்துடுச்சா?” உங்கள் ப என் கம்பியைவிடத் தாழ்ந்திருக்கிறது. வினாடிக்கு நாலு தடவை உதறுகிறது.

ஒரு தடவையாவது இதைக் கேட்டீர்களா? “சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, தலை வலிக்குது” என்றுதான் அன்று சொன்னேன். நீங்கள் ஒலிபெருக்கியையே கழற்றி அலமாரிமேல் வைத்துவிட்டீர்கள். என்னிடமும் பேச்சு நின்றது. நாலு மாதம் கண்ணாலேயே சுதி சேர்த்திருக்கிறீர்கள். நான் எதிரில் உட்கார்ந்து அழுதபோதும் திரையைத்தான் பார்த்தீர்கள்.

என் பெயரை எடுத்துவிடுங்கள். வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வயலின்காரி

மார்ச் 13

அன்புள்ளவளே,

படித்ததும் எரிச்சல்தான் வந்தது. “இவளுக்கு என்ன தெரியும்!” என்று சுவரிடம் கத்தினேன். அப்புறம் ஒலிபெருக்கியை மாட்டினேன். உதறுகிறது.

என் நிரல் வினாடிக்கு நாலு படம்தான் வரைகிறது. உதறலும் நாலு. நான் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வந்து நின்றிருக்கிறது. சினிமாவில் ஓடும் சக்கரம் நிற்பதுபோலத் தெரியுமே, அதே கதை. ஆடிக்கொண்டிருந்ததை நின்றது என்று நம்பியிருக்கிறேன்.

முப்பத்தொன்றை விடமாட்டேன். அதன் க பியானோவின் க-வைவிடச் சுத்தம், நீயே கேட்டுப் பார். ஆனால் நீ அழுததை நான் பார்க்கவேயில்லை. இதைவிட நல்ல சாக்கு என்னிடம் இல்லை.

இனிச் செய்யப்போவது:

1. கட்டுரை நாளை போகாது. இதழாசிரியருக்கு இப்போதே எழுதிவிடுகிறேன்.
2. உன் பெயரை எடுத்துவிடுவேன். பிழையைக் கண்டவள் நீ என்று போடலாமா என்பதை உன்னைக் கேட்ட பிறகே முடிவு செய்வேன்.
3. சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வருவேன். கணினி வராது.
4. உள்ளே நீ வாசித்துக்கொண்டிருந்தால், முடியும்வரை மணியை அழுத்தமாட்டேன்.