லிஃப்ட் குரலும் கல்லுள்ளார் பாட்டும்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று காலையும் என் குரல் என்னிடமே சொன்னது: "நான்காவது தளம். கதவு திறக்கிறது."

ஒலிப்பதிவுக் கூடம் இருக்கும் கட்டடத்து லிஃப்டில் பேசுவது நான்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் கம்பெனிக்காக ஒரே மத்தியானத்தில் முப்பது தளங்களையும் பேசி முடித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இந்த நகரத்தில் எந்த லிஃப்டில் ஏறினாலும் எனக்கு முன்னால் நான் அங்கே நிற்கிறேன். கடையில் தக்காளி விலை கேட்டால்கூட ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். எங்கேயோ கேட்ட குரல் என்று யோசித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

இருபத்திரண்டு வருடமாகப் பாடகி என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். பாடியது பற்பசை, மெத்தை, அப்புறம் ட்ராக். ட்ராக் என்றால் பெரிய பாடகி வந்து கேட்டுப் படித்துக்கொள்வதற்காக முன்கூட்டியே பாடி வைப்பது. அவர் பாடி முடித்ததும் என்னுடையதை அழித்துவிடுவார்கள். அழிப்பதற்கு வசதியாகப் பாடுவதில் எனக்கு நல்ல பெயர்.

இப்போது வந்திருப்பது வேறு. ஒரு அனிமேஷன் படம். மலைக்கு உள்ளே, கல்லைக் குடைந்து வாழ்கிற ஒரு கற்பனை இனம். கல்லுள்ளார் என்று பெயர். வெளிச்சத்தையே பார்த்திராதவர்கள். அவர்களுக்கென்றே உண்டாக்கிய மொழியில் படத்தின் நடுவே ஒரு பாட்டு வருகிறது. "ட்ராக் இல்லக்கா, பாட்டே உங்களுக்குத்தான், பாத்துடலாம்" என்றார் இசையமைப்பாளர் தம்பி. திரையில் பெயர் வரும்.

நாற்பத்தாறு வயதில் இது என்ன ஆசை என்று யாராவது கேட்கலாம். வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6, வியாழன்

முதல் முயற்சி. கையில் இரண்டு தாள் கொடுத்தார்கள். முதல் தாளில் அந்த மொழி, தமிழ் எழுத்தில். "நாரே எலுமா, தொவே, தொவே" என்று ஆரம்பிக்கிறது. மலைத் தெய்வத்தைக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் தொழிலில் பொருள் கேட்கிற வழக்கம் கிடையாது. தெரியாத ஐந்து மொழிகளில் உருகி உருகிப் பாடியிருக்கிறேன். எதற்காக உருகினேன் என்று இன்றுவரை தெரியாது.

இன்றும் உருகினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுப் பெண். சிரித்து யாரும் பார்த்ததில்லை. இசையமைப்பாளர் காதில் ஏதோ சொன்னார்.

"அக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"சொல்லுங்க தம்பி."

"நீங்க பாடும்போது மூணாவது மாடி வந்துடுச்சோன்னு தோணுதாம்."

சிரித்து வைத்தேன். திரும்பும்போது படியில் இறங்கினேன். நாலு மாடி. முழங்கால் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 7

"நீ கூப்பிட்டா தெய்வம் பல்லு வெளக்கிட்டுத்தான் வரும்." இவர் சொன்னது. இந்த மனுஷனோடு பத்தொன்பது வருடம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மறுபடி ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை. அதற்குள் நான் இந்த உலகத்துக் குரலாக இல்லாமல் போக வேண்டும்.

செய்து பார்த்தவை: காலி வாளிக்குள் தலையை விட்டுப் பாடினேன். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே பாடினேன். நாலாவது வரியில் தலை சுற்றிக் கட்டிலில் உட்கார்ந்தேன். தொண்டையின் அடியிலிருந்து ஒரு உறுமல் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.

மகளிடம் பாடிக் காட்டினேன். பதினேழு வயது, பொய் சொல்ல இன்னும் படிக்கவில்லை.

"பேய் மாதிரி இருக்கா?"

"இருக்கும்மா. சளி பிடிச்ச பேய்."

பிப்ரவரி 13

வீட்டில் எல்லாரிடமும் கிசுகிசுப்பாகவே பேசுகிறேன், பயிற்சிக்காக. இவர் எனக்குத் தெரியாமல் தொண்டை மாத்திரை வாங்கி வந்து மேஜைமேல் வைத்திருக்கிறார். திட்டுவதா கும்பிடுவதா?

பிப்ரவரி 17, திங்கள்

முடிந்தது கதை.

வாளிக் குரலில் பாடினேன். நடுவில் நிறுத்தச் சொன்னார் இயக்குநர். முதல் முறையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"மேடம், அவங்க பேய் இல்ல. அவங்க ஒரு ஜனங்க. வீடு வாசல் இருக்கு, புள்ளகுட்டி இருக்கு."

"சரி மேடம்." என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். இருந்தாலும் மேடம்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பெரிய பாடகி வருகிறாராம். இசையமைப்பாளர் வெளியே வந்து என் பையைத் தூக்கிக் கொடுத்தார். கண்ணைப் பார்க்கவில்லை. "அக்கா... வியாழக்கிழமை வந்து அவங்களுக்கு ஒரு ட்ராக் மட்டும் பாடிக் குடுத்துடுறீங்களா? அந்த மொழி உங்களுக்குத்தான் வாயில நிக்குது."

குடுக்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல? இருபத்திரண்டு வருடமாக அதைத்தானே குடுக்கிறேன். என்னை அழி, என்னை அழி என்று கேட்டுக் கேட்டுப் பாடினவள், இப்போது மட்டும் அழிக்காதே என்றால் யார் காதில் விழும்?

பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது. குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன். அழுகை மட்டும் இந்த உலகத்துக் குரலாக இல்லை. அதை ரெக்கார்டு செய்திருக்கலாம்.

பிப்ரவரி 20, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

பகல் பதினொன்றே கால். கீழே லிஃப்டில் ஏறினேன். கதவு மூடுகிற நேரத்தில் இயக்குநர் ஓடி வந்து ஏறினார். இரண்டு பேரும் தளத்து எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு குலுக்கல். விளக்கு அணைந்தது. லிஃப்ட் நின்றது.

மேலேயிருந்து நான் பேசினேன்: "பயப்பட வேண்டாம். நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். உதவி வந்துகொண்டிருக்கிறது."

பயந்தேன். கதவை அடித்தேன். யாராவது இருக்கீங்களா என்று கத்தினேன். மூச்சு முட்டுது, காத்து வரல, நாம செத்தோம் என்று என்னென்னவோ சொன்னேன். காற்று நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை மேலேயிருந்து அந்தப் பொம்பளை, பயப்பட வேண்டாம், பயப்பட வேண்டாம்.

இருட்டில், கீழே தரையிலிருந்து இயக்குநர் குரல் வந்தது. உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது.

"மேடம், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவங்க பேசட்டும்."

"அவங்க நான்தான்."

"தெரியும். ஆனா அவங்க பதட்டப்படல."

அடி வாங்கினாற்போல இருந்தது. நானும் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் இரண்டு பேரும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு பேட்டரி தீர்ந்ததோ என்னவோ, அதுவும் நின்றது. அந்த அமைதியில் இயக்குநர் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. மூடின இடம் அவருக்கு ஆகாது போலிருக்கிறது. என் கையைத் தேடிப் பிடித்தார். ஐஸ் மாதிரி இருந்தது.

"நீங்க சொல்லுங்க."

சொன்னேன். குரல் ஆடியது.

"இப்படி இல்ல. அவங்க மாதிரி."

எப்படிச் சொன்னேன் அன்றைக்கு? யோசித்தேன். ஒரு சின்ன அறை, ஒரு தம்ளர் தண்ணீர். பதிவு செய்தவர் சொன்னார்: உள்ள ஒருத்தர் தனியா மாட்டியிருப்பாரு, அவருக்கு விஷயத்தைச் சொல்லுங்க, போதும். உருகச் சொல்லவில்லை. அதே மாதிரி சொன்னேன். அவருடைய மூச்சு மெல்லக் கீழே இறங்கியது. பிறகு ஏதோ முணுமுணுத்தார்.

"வலது கை செவுத்துல இருக்கட்டும்..."

"என்ன மேடம்?"

"பாட்டு. கல்லுள்ளார் பாட்டு." பிறகு கேட்டார்: "அர்த்தம் தெரியாமலா பாடினீங்க?"

விளக்கு இல்லாமல் போனதே நல்லது.

"நாரே எலுமான்னா?"

"வலது கை செவுத்துல இருக்கட்டும்."

"தொவேன்னா?"

"நான் இங்கதான் இருக்கேன்."

மிச்சத்தையும் சொன்னார். சுரங்கத்தில் யாராவது வழி தவறிவிட்டால் மற்றவர்கள் பாடுகிற பாட்டு இது. பத்தடி நட, அங்கே தண்ணீர் சத்தம் கேட்கும், குனிந்து வா. உரக்கப் பாடினால் மேலேயிருந்து கல் விழும். அதனால் உரக்கப் பாடமாட்டார்கள். தெய்வமும் இல்லை, வழிபாடும் இல்லை. பேருந்து நிலையத்தில் வழி சொல்வார்களே, அது. இதற்குத்தான் நான் அந்த உருகு உருகியிருக்கிறேன்.

பாடினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ராகத்தோடு சொன்னேன், அவ்வளவுதான். முழுப் பாட்டையும் இரண்டு தடவை. அவர் கை என் கையிலேயே இருந்தது.

கதவைத் திறந்தார்கள். இயக்குநர் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு படியேறிப் போனார். மின்சாரம் வரவில்லை, ட்ராக்கும் பாடவில்லை.

அதே நாள், சாயந்திரம்

அந்த இரண்டாவது தாளைத் தேடினேன். சமையலறையில் ஃப்ரிட்ஜ் காந்தத்துக்கு அடியில் இருந்தது. சோப்பு, பல்பு, உப்பு, இவருக்கு பிளேடு என்று என் கையெழுத்து. அதற்கு அடியில், வரி வரியாக அச்சடித்திருந்தது பாட்டின் பொருள். இரண்டு வாரம் உலகத்தையே தாண்டப் பார்த்தவள் ஒரு தாளைப் படிக்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

எட்டு மணிக்கு இயக்குநர் போன். "ஒன்பது மணிக்கு வாங்க. ட்ராக் இல்ல."

போனேன். லிஃப்டில்தான் ஏறினேன். பாடினேன். அழிக்கிறவர்களுக்கு வசதியாகவும் இல்லை, தெய்வத்துக்காகவும் இல்லை. இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தருக்கு. ஒரே டேக். பத்து மணிக்குப் பெரிய பாடகி வந்தார். அவரும் பாடினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். என்னமாகப் பாடினார். எனக்கே அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. இல்லை, பொய். தோன்றவில்லை.

பிப்ரவரி 25

போன் இல்லை.

பிப்ரவரி 27

போன் வந்தது. மெத்தை விளம்பரம்.

மார்ச் 5, புதன்

என்னுடையதையே வைத்துக்கொள்கிறார்களாம். இசையமைப்பாளருக்குத்தான் பயம். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. தியேட்டர்ல பாட்டு ஆரம்பிச்சதும் ஜனங்க லிஃப்டுன்னு கண்டுபிடிச்சு சிரிச்சுட்டா, படம் அங்கேயே படுத்துடும்."

கோபம் இல்லை. எனக்கும் அதே பயம்தான். அந்தக் கல்லுள்ளார்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. என்னால் அவர்கள் கேலிப்பொருளாகிவிடக் கூடாது.

இவரிடம் சொன்னேன். கேலி செய்யவில்லை. அதனால் பயம் இன்னும் அதிகமாகிவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

முதல் நாள், மத்தியானக் காட்சி. மகள், இவர், நான். பாட்டு வருகிற இடம் எனக்குத் தெரியும். பத்து நிமிடம் முன்னாலிருந்தே டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். திரை முழுக்கக் கருப்பு, அடியில் தமிழில் பொருள் மட்டும். "நாரே எலுமா." பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "ஏய், இந்தக் குரலு..." என்றார். மகள் என் முழங்கையைப் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "உஷ், பேசாம கேளுங்க" என்று ஒரு பெண் குரல். அப்புறம் அவர் பேசவில்லை. அரங்கத்தில் யாரும் பேசவில்லை.

கடைசியில் பெயர் வந்தது. சின்ன எழுத்து, வேகமாக ஓடிவிட்டது. மகள் பார்த்துவிட்டாள். இவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லையாம். ஏன் துடைக்க வேண்டிவந்தது என்று நான் கேட்கவில்லை.

தியேட்டர் ஐந்தாவது மாடியில். கூட்டத்தோடு லிஃப்டில் ஏறினோம். அதே கம்பெனி லிஃப்ட். முன்னால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய மீசைக்காரர், பக்கத்தில் அவர் மனைவி. "கதவு மூடுகிறது. கீழே செல்கிறது" என்றேன் நான், மேலேயிருந்து.

மீசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மனைவியிடம் மெதுவாக, "கல்லுள்ளாருங்க பேசுறாங்க" என்றார். அந்தம்மா சிரிக்கவில்லை. வலது கையைத் தூக்கி லிஃப்ட் சுவரில் வைத்துக்கொண்டார்.

நான் எல்லாரையும் போல எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு, மூணு, ரெண்டு.