பலகையில் நிற்கும் எழுபத்தொன்று

இன்வர்டோனி,
16 ஜூன் 1988

என் மகள் எல்ஸ்பெத்துக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். குழந்தையின் போட்டோ வந்து சேர்ந்தது. மூக்கு முழுக்க உன் மாமியார்தான், பாவம், என்ன செய்வது, பெண் குழந்தை, வளர வளரச் சரியாகும் என்று அப்பா சொல்கிறார். நீ போட்டிருந்த பச்சைக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடு, நியூசிலாந்தில் குளிர் ஆரம்பிக்கும் நேரம், அதெல்லாம் தாங்காது. இங்கே கடல் மூடுபனி மூன்று வாரமாக விடாமல் அடித்தது, போன வாரம்தான் வெயில் எட்டிப் பார்த்தது. அந்த வெயிலில்தான் எல்லாம் நடந்தது. இஷ்பெல் உனக்கு எழுதாமல் இருக்கமாட்டாள், சின்ன வயதிலிருந்து நீ அவள் பக்கம்தானே, அவள் கடிதம் வருவதற்கு முன்னால் என் வாயிலிருந்து நீ கேட்டுக்கொள்வது நல்லது.

கோல்ஃப் கிளப்பில் பெண்கள் பிரிவின் பொன்னெழுத்துப் பலகையில் பத்தொன்பது வருஷமாக நிற்பது என் பெயர், அதற்குப் பக்கத்தில் எழுபத்தொன்று. இந்த மைதானத்தில் எந்தப் பெண்ணும் பதினெட்டுக் குழியை எழுபத்தொரு அடிக்குக் குறைவாக முடித்ததில்லை. எனக்கு வேறென்ன இருக்கிறது சொல், அப்பாவின் பென்ஷனும் அந்த எண்ணும்தான். இஷ்பெல் முப்பது வருஷமாக என்னோடு ஆடுகிறாள், எண்பதுக்குக் கீழே வந்தால் அன்றைக்கு வீட்டில் கேக் சுடுவாள், அவ்வளவுதான் அவள் ஆட்டம். அதனால்தான் அவளோடு ஆட எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன்.

போன வாரச் செவ்வாய்க்கிழமை, ஏழாம் தேதி, மாதப் போட்டி. வழக்கம்போல கணக்கு அட்டைகளை மாற்றிக்கொண்டோம், அவள் அடிகளை நான் எழுத வேண்டும், என் அடிகளை அவள் எழுத வேண்டும். முதல் குழியிலேயே அவள் பத்தடி தூரத்திலிருந்து உருட்டி உள்ளே தள்ளினாள். நானும் கைதட்டினேன், மனசாரத்தான் தட்டினேன். இரண்டு மூன்று குழி வரைக்கும் அவளைப் பார்த்து என் ஆட்டமும் நன்றாகத்தான் போனது. ஆனால் முந்தின குழியில் குறைவாக அடித்தவள்தான் அடுத்ததில் முதலில் அடிக்க வேண்டும் என்பது இங்கே மாறாத வழக்கம், அன்றைக்குக் கடைசிவரை அந்த உரிமை அவளை விட்டுப் போகவேயில்லை. ஒவ்வொரு முறையும் அவள் பந்து நூல் பிடித்தமாதிரி போய் நடுவில் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் மட்டையைத் தூக்க வேண்டும். அவளைத் தாண்டி அடிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டதா, போயிற்று. கை இறுகியது, மட்டையைச் சுழற்றுவதற்குப் பதிலாக வெட்ட ஆரம்பித்தேன். ஆறாவது குழியில் முட்புதருக்குள் போய் எட்டு. ஏழாவதில் ஓடை. என் ஆட்டம் கெடும் ஒவ்வொரு குழிக்கும் அவள் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாய் எடுத்து நீட்டி, "உன் பந்துக்கு இன்னிக்கு நேரம் சரியில்லடி ஜெஸ்ஸி, நீ என்ன பண்ணுவ" என்பாள். பந்துக்காம் நேரம்! பாதி ஆட்டம் முடிவதற்குள் என் கோட்டுப் பையில் ஐந்து மிட்டாய். என்னை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தப் பரிதாபத்தைத்தான் தாங்க முடியவில்லை.

பதினொன்றாவது குழியில் நான் மணல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு ஐந்து முறை அடித்தும் வெளியே வராமல் தவித்தேன். அவளுக்கு அங்கே மூன்றே அடி. கண்ணெல்லாம் மணல், கோபம் வேறு, அந்தக் குழிக்கு அவள் கணக்கை உடனே எழுத மறந்துவிட்டேன். பன்னிரண்டாவதில் அவளுக்கு நான்கு. இரண்டையும் சேர்த்து அங்கேதான் எழுதினேன். இதுவரைக்கும் என்னிடம் தப்பில்லை, நினைவில் வைத்துக்கொள்.

பதின்மூன்றாவதில் ஒரு காரியம் செய்தேன். நன்றாக ஆடிக்கொண்டிருப்பவளிடம் கணக்கைப் பேசுவது நம் ஊரில் செய்யக்கூடாத காரியம், உனக்கே தெரியும், கூட ஆடுகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். அவள் அடிக்க நின்றபோது, "இஷ்பெல், இப்படியே போனா எழுபதுடி, என் பேரையே பலகையிலேர்ந்து எறக்கிடுவ போலிருக்கே" என்றேன். அவள் கை நடுங்கும் என்றுதான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "போடி, எனக்கு எங்க அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு அன்றைய ஆட்டத்திலேயே நல்ல அடியை அடித்தாள். கடைசிக் குழியில் அவள் பந்து உள்ளே விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவளுக்கு எழுபது. எனக்குத் தொண்ணூற்றெட்டு.

உள்ளே மேசையில் உட்கார்ந்து அட்டையைச் சரிபார்க்கும்போதுதான் கவனித்தேன். பதினொன்றுக்கு நான்கும் பன்னிரண்டுக்கு மூன்றும் மாற்றி எழுதியிருக்கிறேன். மொத்தம் எழுபதுதான், மாறவில்லை. ஆனால் ஒரு குழிக்கு அடித்ததைவிட ஒன்று குறைவாக இருக்கும் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆட்டக்காரிக்குத் தகுதிநீக்கம், மொத்தம் சரியாக இருந்தாலும் மன்னிப்பில்லை. தன் அட்டையைச் சரிபார்ப்பது அவரவர் பொறுப்பு. சரிபார்க்கச் சொல்லி அட்டையை நீட்டினேன். அவள் கண் கலங்கியிருந்தது, எண்களைப் பார்த்தாளோ என்னவோ, "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி மளமளவென்று கையெழுத்துப் போட்டாள். நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்லவில்லை எல்ஸ்பெத். நானும் கையெழுத்துப் போட்டேன். தெரிந்தே போட்டால் எனக்கும் தகுதிநீக்கம்தான், தொண்ணூற்றெட்டு அடித்தவளுக்கு அதில் என்ன போகிறது.

தலைவி ரோனா பெட்ரி அட்டையை வாங்கிக் கூட்டி, எழுபது என்று கத்தி, எல்லாருக்கும் ஷெர்ரி ஒயின் ஊற்றினாள். இஷ்பெல் கோப்பையை வாயில் வைக்கும் வரைக்கும் காத்திருந்துதான் சொன்னேன், "ரோனா, மணல்ல கெடந்து எழுதினது, பதினொண்ணும் பன்னிரண்டும் எடம் மாறியிருக்குமோன்னு இப்பத்தான் தோணுது." ரோனா இஷ்பெலைக் கேட்டாள். பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள், ஆனால் அவள் இஷ்பெல் ஆயிற்றே, விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஆமா, பன்னிரண்டுல நாலு" என்றாள். ரோனா அந்த அட்டையின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டாள். இஷ்பெல் என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள், "அந்த எழுபத்தொண்ணை நீ அடிச்ச அன்னிக்கு நானும் ஆடியிருக்க வேண்டியவ ஜெஸ்ஸி. எல்ஸ்பெத்துக்கு அம்மை போட்டிருந்துச்சுன்னு உன் வீட்ல உக்காந்து ஈரத்துணி போட்டுட்டிருந்தேன். ஞாபகம் இருக்கா?" இருந்தது. உனக்கு அப்போது ஐந்து வயது. நான் போயிருக்கக் கூடாது, போனேன், அடித்தேன், பலகையில் ஏறினேன். அதை நீ அவள் எழுதித் தெரிந்துகொள்ள வேண்டாம்.

உன் அப்பாவிடம் சொன்னேன். மீனில் முள் எடுத்துக்கொண்டே, "ரூல்படி சரிதான்" என்றார். அப்புறம் நான்கு நாள் என்னோடு பேசவில்லை, நாயோடு பேசினார்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை, யாரோடு யார் ஆடுவது என்று பெயர் போடும் பதிவுத்தாளில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒருத்தியும் பெயர் போடவில்லை, இஷ்பெலைத் தவிர. வந்தாள், காலை வணக்கம் சொன்னாள், ஆடினாள். மிட்டாய் இல்லை. அவளுக்கு எண்பத்திரண்டு, அது பெரிய ஆட்டமில்லை, ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டே ஆடி நான் நூற்றொன்று அடித்தேன். முடிந்ததும் மேசையில் எல்லாரும் கேட்க என் அட்டையை உரக்கப் படித்தாள். "ஒண்ணாவது குழி, ஆறு. சரியா ஜெஸ்ஸி?" சரி என்றேன். "ரெண்டாவது, ஏழு. நல்லா யோசிச்சுச் சொல்லு, சரியா?" பதினெட்டு முறை கேட்டாள், பதினெட்டு முறையும் சரி என்றேன். ஒருத்தி சிரித்துவிட்டாள், யாரென்று பார்க்கத் தலையைத் தூக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, இந்த வயதில், இதை எழுதும்போதும் இருக்கிறது.

பிறகு ரோனாவின் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு பதிவுத்தாள்கள் தொங்கும் பலகைக்குப் போனாள். நாங்கள் எல்லாரும் அதில் பென்சிலால்தான் எழுதுவோம், அழித்துக்கொள்ள வசதியாக. அவள் அக்டோபர் கடைசி வரைக்கும் இருந்த ஒவ்வொரு தாளையும் புரட்டி, பத்தொன்பது செவ்வாய்க்கும், தன் பெயரையும் என் பெயரையும் சேர்த்து மையில் எழுதினாள். நான் வராவிட்டால் பயந்து ஓடிவிட்டாள் என்பார்கள். வந்தால் அவள் அடித்த பிறகு அடிக்க வேண்டும். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, "என் அட்டைய நீதான் எழுதணும், உன்னைவிடக் கவனமா யாருடி எழுதுவா" என்றாள்.

நீ நன்றாக இரு, குழந்தை நோய்நொடியில்லாமல் வளரட்டும், உன் வீட்டுக்காரருக்கும் எங்கள் ஆசீர்வாதம். இஷ்பெலுக்குப் பதில் எழுதினால் எழுது, நான் தடுக்கவில்லை. போன் செய்வதானால் மட்டும் செவ்வாய்க்கிழமை வேண்டாம், அக்டோபர் முடியும்வரை நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

உன் அம்மா,
ஜெஸ்ஸி கார்டைன்